கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் ஆயில்: மூன்றையும் வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி இதுதான்: "என்ஜின் ஆயிலை நானே மாற்றிப் பழகிவிட்டேன். கார் 80,000 கி.மீ. ஓடிவிட்டது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக் மூன்றின் ஆயிலையும் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே மாற்றிவிட முடியுமா?" முடியுமா என்பதைவிட, எந்த வேலை கைத்தவறைப் பொறுத்துக்கொள்ளும், எது பொறுக்காது என்பதே இங்கே தெரிய வேண்டியது. மேனுவல் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் (திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரப் பெட்டி) என்ஜின் ஆயில் மாற்றத் தெரிந்தவருக்குக் கைக்கு எட்டும் வேலைகள். பிரேக் ஆயிலும் செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு துணையாளும் தனி நாளும் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் உங்கள் மாடலில் ஆயில் மட்டத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அது எந்த வகை வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் எல்லா வகைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அளவும் ஆயில் வகையும் மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்துதான் வர வேண்டும்.

என்ஜின் ஆயில் பழக்கம் இங்கே ஓர் இடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். என்ஜினில் கீழே பிளக்கைக் கழற்றி வடித்துவிட்டு மேலே மூடியைத் திறந்து ஊற்றுகிறோம். மேல்மூடி திறக்காமல் போகும் என்ற பேச்சே இல்லை. கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் ஆயில் ஊற்றும் வழியும் பக்கவாட்டில் இறுகிக் கிடக்கும் ஒரு பிளக்தான். வருடக்கணக்கில் யாரும் தொடாத அந்த ஃபில்லர் பிளக் துருவேறி, ஆலன் கீ வழுக்கி, தலை மழுங்கிப் போவது சாதாரணம். எனவே முதலில் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். அது கழன்ற பிறகுதான் கீழே ட்ரெய்ன் பிளக்கில் கை வைக்க வேண்டும். மேலே திறக்க முடியாவிட்டால் பழைய ஆயில் உள்ளேயே இருக்கிறது, வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். கீழே வடித்துவிட்டு மேலே மாட்டிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஒரு ராத்திரி ஊறவிட்டால் பெரும்பாலானவை இறங்கி வந்துவிடும். ஆலன் குழியில் அடைந்த மண்ணைக் குத்தி எடுத்துவிட்டு, கீ அடிவரை இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே பலம் கொடுங்கள்.

வண்டியைத் தூக்குவதில் இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று உயிர்: ஜாக்கை மட்டும் நம்பிக் கார் அடியில் போகவே கூடாது. கடினமான சமதரையில், கையேடு காட்டும் இடங்களில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். மற்றொன்று மட்டம். ஃபில்லர் துளையின் கீழ்விளிம்புதான் இங்கே அளவுகோல். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் அந்த அளவுகோல் பொய் சொல்லும். நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அல்லது வண்டி சமமாக நிற்கும் குழி வேண்டும். ஒரு பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி, அடியில் படிந்த தூளையும் இழுத்துக்கொண்டு வரும். கை சுடும் அளவுக்குச் சூடாக இருந்தால் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

மேனுவல் கியர்பாக்ஸில் அதிகத் தவறு நடப்பது ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில்தான். பாட்டிலில் 75டபிள்யூ-90 என்று இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஆயிலின் பிசுபிசுப்பை மட்டுமே சொல்கிறது. அதற்குப் பக்கத்தில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இருப்பதுதான் இங்கே முக்கியம். டிஃபரன்ஷியலில் இருக்கும் ஹைபாய்டு பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தத்தோடு சறுக்கும். அதைத் தாங்க ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்ப்புப் பொருட்கள் அதிகம் இருக்கும். கியர்பாக்ஸில், கியர் விழும்முன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்குகள் பல வண்டிகளில் பித்தளை அல்லது வெண்கலம். அந்தச் சேர்ப்புப் பொருட்களில் சில, சூட்டில் இந்த மஞ்சள் உலோகங்களை அரிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்க்ரோ ரிங் வேலை செய்வதே உராய்வில்தான். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங் பிடிக்காது, கியர் மாற்றும்போது கறகறவென்று சத்தம் வரும். ஜிஎல்-4 என்று கையேடு சொன்னால், ஐந்து நான்கைவிடப் பெரிது என்று ஜிஎல்-5 வாங்கி ஊற்றாதீர்கள். இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதி விற்கப்படும் ஆயில்களைப் பற்றி அனுபவமுள்ளவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தெளிவாக ஜிஎல்-4 என்று மட்டும் போட்டது கிடைக்கும்போது அதைத் தாண்டிப் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். சில மேனுவல் கியர்பாக்ஸுகளுக்கு ஆட்டோமேட்டிக்கில் ஊற்றும் ஏடிஎஃப்தான் சரியான ஆயில். கெட்டியான கியர் ஆயிலை அதில் ஊற்றினால் குளிர்ந்திருக்கும்போது கியரே விழாது.

வடிப்பது எளிது. ஃபில்லர் திறந்திருக்கும் நிலையில் ட்ரெய்ன் பிளக்கைக் கழற்றி, சொட்டுச் சொட்டாகக் குறையும்வரை விடுங்கள். வடிந்ததை அளவுக் குவளையில் ஊற்றி எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பொதுவாக ஒன்றரை முதல் மூன்று லிட்டர்வரை இருக்கும். கையேடு சொல்வதைவிட அரை லிட்டர் குறைவாக வந்தால் எங்கோ கசிவு இருக்கலாம்; அச்சுத்தண்டு சீல்களைப் பாருங்கள். பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் தேய்த்தால் குத்தும் சில்லுகள், பல் உடைந்த துண்டு, கண்ணுக்குத் தெரியும் பொன்னிறத் தூள் இவை வேறு சங்கதி: முதல் இரண்டும் பேரிங் அல்லது பற்சக்கரத்தை, மூன்றாவது சிங்க்ரோவைக் காட்டும். பிளக்கில் வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போடாமல் புதிதாகப் போடுங்கள். கியர்பாக்ஸின் வெளிக்கூடு பெரும்பாலும் அலுமினியம் என்பதால், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முழுபலத்தோடு இறுக்கினால் மரை பிய்ந்துவிடும். கூம்பு மரை கொண்ட பிளக்கை இன்னும் கவனமாக இறுக்க வேண்டும். ஆப்புபோல உள்ளே போய் வெளிக்கூட்டையே விரிசல் விடவைக்கும்.

ஊற்றுவதற்கு மேலிருந்து ஒரு நீளமான ஹோஸும் புனலும் போதும்; இடம் இல்லையென்றால் கைப்பம்பு. பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் சீக்கிரம் இறங்கும். துளையிலிருந்து வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நூலாகிச் சொட்டும்வரை காத்திருந்து பிளக்கைப் போடுங்கள். ஆனால் எல்லாக் கியர்பாக்ஸிலும் துளைவிளிம்பு அளவுகோல் கிடையாது. சிலவற்றில் விளிம்புக்குக் கீழே இத்தனை மில்லிமீட்டர் என்றோ, மேலே இருக்கும் வேறொரு துளை வழியாக இத்தனை லிட்டர் என்றோ கணக்கு வரும். கூடுதலாக ஊற்றினால் ஆயில் கடையப்பட்டு நுரைத்து, சூடேறி, காற்றுப்போக்கி வழியாகவோ சீல் வழியாகவோ வெளியே வரும். குறைந்தால் மேலே இருக்கும் பேரிங் காயும். இதில் கஷ்டம் என்னவென்றால், இரண்டு தவறுமே அன்றைக்குத் தெரியாது.

டிஃபரன்ஷியலைப் பொறுத்தவரை, முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் அது கியர்பாக்ஸுக்குள்ளேயே அதே ஆயிலில் ஓடுகிறது. தனியாகத் தேட வேண்டாம். பின்சக்கரம் தள்ளும் வண்டியிலும் நான்கு சக்கர இழுவையிலும்தான் தனி. அதற்கு ஜிஎல்-5. முறை மேலே சொன்னதேதான். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையில் கிளச் தகடுகள் இருந்தால், உராய்வைச் சரிப்படுத்தும் சேர்ப்புப் பொருள் ஆயிலிலேயே கலந்ததா, தனியாக வாங்க வேண்டுமா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிரும். ட்ரெய்ன் பிளக் இல்லாத அச்சுகளில் பின்மூடியைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும்; அப்போது பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, புதுப் பசை காய அது கேட்கும் நேரத்தைக் கொடுத்துவிட்டு ஊற்றுங்கள். அச்சின்மேல் இருக்கும் காற்றுப்போக்கி அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். சீல் மாற்றியும் கசிவு நிற்காத பல வண்டிகளில் குற்றவாளி இந்தச் சின்னக் குழாய்தான். நான்கு சக்கர இழுவையில் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி ஆயில் உண்டு, பலவற்றில் அது ஏடிஎஃப். டிஃபரன்ஷியலில் மீந்ததை அதில் ஊற்றாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கதை வேறு. கீழே பிளக்கைக் கழற்றினால் வருவது மொத்தத்தில் ஒரு பகுதிதான். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் உருப்படி) கூலரிலும் தங்கிவிடும். ஒருமுறையில் 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், இடையில் ஓட்டிவிட்டு மறுமுறை மாற்றும்போது புதுசின் பங்கு 64, மூன்றாம் முறை 78 சதவீதம். முழுதாக மாறிவிட்டது என்று எண்ணிக் கையேட்டில் உள்ள மொத்த அளவையும் ஊற்றிவிடுபவர்கள் உண்டு. எவ்வளவு வடிந்ததோ அவ்வளவே முதலில் ஊற்ற வேண்டும். அதுவும் ஒரே சூட்டில் ஒப்பிட வேண்டும்; 40 டிகிரி வித்தியாசம் என்றால் ஆயிலின் பருமன் ஏறத்தாழ 3 சதவீதம் மாறும். டிப்ஸ்டிக் இருந்தால் கையேடு சொல்லும் சூட்டில், சொல்லும் கியரில் பார்த்துக்கொள்ளலாம். டிப்ஸ்டிக் இல்லாதவற்றில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது மட்டப் பிளக்கைத் திறந்து வழிவதைப் பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலையைக் காட்ட, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் இந்த வகையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏடிஎஃப், சிவிடி (பற்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பியும் கொண்ட ஆட்டோமேட்டிக்) ஆயில், இரட்டைக் கிளச் ஆயில் மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சிவிடியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டும் கப்பியும் வழுக்கித் தேயும்.

"ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே தன் கியர்பாக்ஸுகளுக்கு 80,000 முதல் 120,000 கி.மீ. அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. ஆகவே அந்த வாசகத்தை நான் நம்பிக்கொண்டிருக்க மாட்டேன். உண்மையிலேயே வாதத்துக்குரியது இன்னொன்று: மிக அதிக தூரம் ஒருமுறைகூட மாற்றாமல் ஓடிய ஆட்டோமேட்டிக்கில் இனி மாற்றினால் கெட்டுவிடுமா என்பது. நன்றாக ஓடுவதைப் புது ஆயில் கெடுக்கக் காரணம் இல்லை. ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியதை அது குணப்படுத்தவும் செய்யாது. மாற்றிய மறுவாரம் நின்றால் பழி ஆயில்மேல் விழும். கருகிய வாடையும் கறுப்பு நிறமும் சேர்ந்து இருந்தால் மாற்றுவதற்குமுன் கியர்பாக்ஸை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இனி பிரேக். முதலில், ஏன் இதற்குத் தனி நாள் என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கில் இருக்கும் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய ஆயில் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். கியர் ஆயில் ஊற்றிய புனல், அதே துணி, அதே கையுறை, இவற்றில் ஒட்டிய கொஞ்சம் ஆயில், பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவுக்குள் போனால் போதும். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரத்தில் பேடுகளை அமுக்கும் காலிப்பர்வரை ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற நேரும். அதனால் பிரேக்குக்கென்று தனிப் புனல், தனி சிரிஞ்ச், தனி ஹோஸ்.

மாற்றுவது ஏன் என்றால், பிரேக் ஆயில் தரங்களான டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் சார்ந்தவை, காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 தரத்தின்படி புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் ஏறிய நிலையில் 155. டாட் 3-க்கு இவை 205, 140. மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துக் காலிப்பர் சூடேறும்போது ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி வரும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. காலையில் சோதித்தபோது நன்றாக இருந்த பிரேக் அன்று மதியமே இப்படிப் போகலாம். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். நிறம் கறுத்தால் பழசு என்று சொல்லலாம். தெளிவாக இருப்பதால் நல்லது என்று சொல்ல முடியாது. பேனா வடிவ ஈரமானி ஓரளவு எச்சரிக்கும், உறுதியைத் தருவது கொதிநிலைச் சோதனைக் கருவிதான். டாட் 5 மட்டும் சிலிக்கோன். எண்ணைப் பார்த்து அதை 5.1-உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள், மற்றவற்றோடு அதைக் கலக்கவே கூடாது.

செய்முறை: ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகான நிப்பிள்கள் நான்கும் அசைகின்றனவா என்று முதலில் பாருங்கள். நடுவில் துளையுள்ள மெல்லிய உருப்படி என்பதால் துருப்பிடித்த நிப்பிளில் திறந்தவாய் ஸ்பானர் போட்டுத் திருகினால் தலை முறிந்துவிடும். ஆறு பக்க ரிங் ஸ்பானரே போட வேண்டும். டப்பாவில் உள்ள பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்புங்கள். நிப்பிளில் ரிங் ஸ்பானரை மாட்டி, அதன்மேல் தெளிவான ஹோஸைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள அளவு பாட்டிலில் மூழ்கவிடுங்கள். துணையாள் பெடலை மெதுவாக அழுத்திப் பிடித்தபடி சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளை அரைச்சுற்றுக்குள் திறக்க, பெடல் இறங்கும். நீங்கள் மூடிச் சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை தவறினாலும் காற்று உள்ளே போகும். எட்டுப் பத்து அழுத்தலுக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது காலியாகி மாஸ்டர் சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டால், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும். நிறமாற்றம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே அளவையும் பாருங்கள். தூரத்துச் சக்கரத்துக்குச் சுமார் 200, 250 மில்லி, பக்கத்துக்கு 100, 150 மில்லி என்று வைத்தால் சிறிய காருக்கு ஒரு லிட்டர் வாங்கினால் போதும். கிளச்சும் இதே டப்பாவில் ஆயில் எடுக்கிறது என்றால் அதன் நிப்பிளையும் கடைசியில் திறந்து மாற்றுங்கள், மறந்துவிடுவது அதைத்தான்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவது பழைய விதி. மூலைக்கு மூலை இணைந்த இரட்டைச் சுற்று உள்ள வண்டிகளுக்கும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) வண்டிகளுக்கும் கையேட்டில் வேறு வரிசை இருக்கலாம், அங்கே கையேடே பெரிது. வயதான வண்டியில் பெடலை அடிவரை மிதிக்க விடாதீர்கள். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் போகாத சிலிண்டர்ப் பகுதியில் துருவும் படிவும் இருக்கும். அதன்மேல் சீல் உரசினால் கிழியும், ஆயில் மாற்றிய மறுநாளே பெடல் இறங்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் இது நேராது. வெற்றிடப் பம்பு வைத்து இழுத்தால் நிப்பிள் மரை வழியாகவே காற்று வந்து குமிழி காட்டிக்கொண்டே இருக்கும். அதைக் குழாய்க்குள் இருக்கும் காற்று என்று நினைத்து லிட்டர் கணக்கில் வீணாக்க வேண்டாம்.

ஏபிஎஸ் வண்டியில் வீட்டில் செய்யும்போது, பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுப் பெட்டியான மாடுலேட்டருக்குள் மூடியிருக்கும் வால்வுகளுக்கு அப்பால் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும். காற்று போகாதவரை அதனால் பெரிய கெடுதி இல்லை. மாடுலேட்டருக்குள் காற்று புகுந்துவிட்டால் ஸ்கேனர் கொண்டு வால்வையும் பம்பையும் இயக்கித்தான் வெளியேற்ற முடியும். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மின்பம்பு அழுத்தம் தரும் பிரேக் உள்ள ஹைபிரிட், மின்சாரக் கார்களில் இந்த வேலையையே வீட்டில் தொடாதீர்கள். எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருந்தால், பின்சக்கரத்தில் கைவைக்கும்முன் அதைச் சர்வீஸ் நிலைக்கு மாற்ற வேண்டுமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

முடிந்ததும் என்ஜினை அணைத்த நிலையில் பெடல் கல்போல ஆகும்வரை மிதித்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. பிடித்தபடியே என்ஜினை எடுத்தால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், அது, காலின் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம். பஞ்சுபோல அமுங்கினால் காற்று இருக்கிறது. வண்டியை நகர்த்தாமல் மறுபடி ஏர் எடுங்கள். பிறகு காலியான இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்து, நிப்பிள்களைத் தடவிப் பார்த்து, தூசு மூடிகளைப் போடுங்கள். பேடுகள் தேய்ந்த வண்டியில் டப்பாவை மேல்கோடுவரை நிரப்பினால், புதுப் பேடு போடும்போது பிஸ்டனைத் தள்ளியதும் வழிந்துவிடும். வழிந்தது பெயின்டில் பட்டால் துடைக்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளைக்கால் தண்ணீரில் கரையும். பழைய பிரேக் ஆயிலைப் பழைய கியர் ஆயிலோடு ஒரே கேனில் ஊற்றாமல் தனித்தனியாகக் கொடுங்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். பாட்டிலில் மீந்த புது பிரேக் ஆயில் மூடியைத் திறந்த நாளிலிருந்தே ஈரம் குடிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து அடுத்த முறைக்கு என்று அலமாரியில் வைக்காதீர்கள், அப்போது சீல் உடைக்காத புது பாட்டிலே வாங்குங்கள்.